ஏழாவது ஆட்டத்து யானை

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு முப்பத்தெட்டு.

குருவின் பெயர் தாட்சாயணி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சதுரங்கப் போட்டிகளில் ஆடுவதை நிறுத்திவிட்டு, ஆடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். சீடர் மாசிலாமணி, கிராண்ட்மாஸ்டர். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சீடரை ‘அண்ணா’ என்பார். திட்டும்போதும் அண்ணாதான்.

தோற்பதற்கு மட்டும் குரு ஆறு மாதம் பயிற்சி கொடுத்திருந்தார். கடிகாரத்தை அடிக்காமல் நிறுத்துவது, எதிராளியின் கண்ணைப் பார்த்துக் கை கொடுப்பது, ஆட்டத்தாளில் கையெழுத்தைக் கோணாமல் போடுவது, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளுவது. ஜெயிப்பதற்கான பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அவசரம் எதுவும் ஏற்படவில்லை.

அவசரம் ஏற்காட்டில் வந்தது.

அங்கே ஒரு ஓட்டலில் இரண்டு பேருக்கிடையே எட்டு ஆட்டங்கள். ஜெயிப்பவர் உலக அளவில் எட்டே பேர் ஆடும் போட்டிக்குப் போவார். அடுத்த வாய்ப்பு மூன்று ஆண்டுகள் கழித்து. அப்போது மாசிலாமணிக்கு நாற்பத்தொன்று ஆகியிருக்கும். சதுரங்கத்தில் நாற்பத்தொரு வயதுக்காரருக்கு மரியாதையான வேலைகள் நிறைய உண்டு. அந்தப் போட்டிக்குப் போவது அவற்றில் ஒன்றல்ல.

எதிரே ஆடியவர் பாளையங்கோட்டை ஜெபசீலன். மாசிலாமணியைவிட மூன்று வயது இளையவர், பத்தொன்பது வருடப் பழக்கம். வெளியூர்ப் போட்டிகளில் அறையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். ஒரு ஷாம்பு பாக்கெட்டை இரண்டு பேர் இரண்டு நாள் வைத்துக்கொண்ட காலமும் உண்டு.

ஜெபசீலனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேட்ச் முடியும்வரை, தோற்ற ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கமாட்டார். போனைத் தன் உதவியாளரிடம் கொடுத்துவிடுவார். ஆட்டத்தைப் பற்றி யாரும் அவரிடம் பேசக்கூடாது. தோற்றவுடன் பலகையில் வைத்தே எதிராளியிடம் ஒரு கேள்வி கேட்பார். எதிராளி சொன்னதை நம்பிக்கொண்டு அந்த ஆட்டத்தை மூடிவிடுவார்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். ‘ஏதாவது இருந்துச்சா?’

ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு மூன்று புள்ளிகள். ஏழாவது ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. மாசிலாமணியின் சிப்பாய் ஒன்று ராணியாவதற்கு ஒரு கட்டம் பாக்கி. ஜெபசீலனின் ராஜா மூலையில் நகர இடமில்லாமல் நின்றது. அதோடு சேர்த்து, ஒரு யானையும், அடைபட்டுக் கிடந்த ஒரு சிப்பாயும் அவரிடம் மிச்சம். கடிகாரத்தில் நாற்பது நொடி இருந்தது. அவர் பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடிகாரத்தை நிறுத்தினார், கையை நீட்டினார்.

அந்தக் கை பலகையின் பாதி தூரம் வந்தபோது மாசிலாமணிக்கு அது தெரிந்தது.

ஜெபசீலன் தன் யானையை எதிரி ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய்ச் சும்மா வைத்து ‘செக்’ சொல்லியிருக்கலாம். ராஜா அதை வெட்டினால் ஜெபசீலனிடம் நகர்த்த எதுவும் இருக்காது. ராஜாவுக்குச் செக் இல்லாமல், நகர்த்தவும் ஒன்றும் இல்லாமல் போனால் ஆட்டம் சமன். வெட்டாவிட்டால் யானை துரத்திக்கொண்டே இருக்கும். அதுவும் சமன். தோல்வியே இல்லாத இடத்தில் தோற்றுவிட்டு ஒரு கை தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மாசிலாமணி அந்தக் கையைக் குலுக்கினார்.

தாளில் கையெழுத்து ஆனது. ஜெபசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏதாவது இருந்துச்சா வே?”

“ஒண்ணும் இல்ல ஜெபா.”

ஜெபசீலன் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். தோற்றவர் பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கவேண்டியதில்லை என்பது இந்த மேட்ச்சின் ஏற்பாடு. வர்ணனையாளர்கள் அந்த யானையைப் பற்றி அப்போதே பேசத் தொடங்கியிருந்தார்கள். டீ கொண்டுவந்தவருக்கும் அது தெரிந்திருந்தது. அந்த ஓட்டலில் தெரியாதவர் ஒருவர்தான்.

மாசிலாமணி நேராகக் குருவின் அறைக்குப் போனார். அவர் முகத்தில் வெற்றியைவிட வேறொரு திருப்தி இருந்தது. நடந்ததைச் சொன்னார். தான் சொன்ன பொய்யை மென்மையாக, நல்ல வார்த்தைகளில் சொன்னார். பத்தொன்பது வருடச் சிநேகிதன், நாளைக்கு இன்னொரு ஆட்டம் ஆடவேண்டியவன், அவன் மனசு உடையக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னதாக விளக்கினார். தோற்பதற்குக் கற்றுக்கொடுத்தீர்கள், ஜெயிப்பதை நானே கற்றுக்கொண்டேன் என்ற தொனி அதில் இருந்தது.

குரு மேசைமேல் இருந்த பலகையில் அந்தக் கடைசி நிலையை அடுக்கினார். ஜெபசீலனின் பக்கம் உட்கார்ந்தார். மாசிலாமணியை எதிரே உட்காரச் சொன்னார். கடிகாரத்தை நிறுத்தினார். கையை நீட்டினார்.

மாசிலாமணி சிரித்தார். பிறகு கை கொடுத்தார்.

“ஏதாவது இருந்துச்சா?”

“இல்ல.”

குரு தலையாட்டினார். காய்களைக் கலைத்தார். மறுபடி அடுக்கினார். மறுபடி கை நீட்டினார்.

“ஏதாவது இருந்துச்சா?”

“தெரியல. பார்க்கணும்.”

கலைத்தார். அடுக்கினார்.

“ஏதாவது இருந்துச்சா?”

“இருந்திருந்தாலும் நாப்பது செகண்ட்ல கண்டுபிடிக்கிறது கஷ்டம்.”

நான்காம் முறை சீடர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். நீ அற்புதமாக ஆடினாய், இருபதாவது நகர்த்தல் வரை நான்தான் மோசமான நிலையில் இருந்தேன், இந்த ஆட்டத்தில் தோற்றவர் யாரும் இல்லை. குரு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கலைத்தார். அடுக்கினார்.

ஐந்தாம் முறை மாசிலாமணிக்குக் கோபம் வந்தது.

“என்னதான் சொல்லணும்ங்கறீங்க மேடம்?”

“எனக்கு எப்படிண்ணா தெரியும்? நான் தோத்தவ. எனக்குக் கேக்கத்தான் தெரியும்.”

ஆறாம் முறை அவர் கேட்டபோது மாசிலாமணி பலகையின்மேல் குனிந்தார். கையை நீட்டிக் குருவின் பக்கத்து யானையை எடுத்தார். தன் ராஜாவின் பக்கத்தில் வைத்தார்.

குரு பலகையைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரிந்த நகர்த்தல்தான். இருந்தும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த முறை குரு காய்களைக் கலைக்கவில்லை.

அந்த நேரத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர் தில்லைநாயகம். மாசிலாமணியின் மனைவியின் தம்பி. பயணச்சீட்டு, சாப்பாடு, இஸ்திரி, எல்லாம் அவர் பொறுப்பு. சதுரங்கம் தெரியாது. ஆனால் ஓட்டல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த யானையைப் பற்றித் தெரியும். ஜெபசீலனுக்கு மட்டும் அது தெரியாது என்பதும் தெரியும். உட்காராமலே ஒரு யோசனை சொன்னார்.

“சொல்லிடுங்க மாமா. இப்பவே போய்ச் சொல்லிடுங்க. உண்மையைச் சொல்றதுல என்ன தப்பு?”

மாசிலாமணிக்கு இது ஆறுதலாக இருந்தது. அவரும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தார். குருவைப் பார்த்தார்.

குரு தில்லைநாயகத்திடம் கேட்டார். “நாளைக்குக் கடைசி ஆட்டம் முடிஞ்சதும் சொல்லலாமா தம்பி?”

“அப்புறம் எதுக்கு மேடம் சொல்லணும்?” என்றார் தில்லைநாயகம். “இன்னிக்குச் சொன்னாத்தானே மனுஷன் தூங்கமாட்டான்.”

தில்லைநாயகம் தான் ஏதோ நல்லது சொல்லிவிட்டதாக நினைத்து வடை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

மாசிலாமணி மெதுவாகக் கேட்டார். “சொன்னா அவனை அடிச்ச மாதிரி. சொல்லாட்டிப் பொய். நான் என்ன பண்றது?”

“அவர் அஞ்சு மணிக்குக் கேட்டாரு. அஞ்சு மணிக்குச் சொல்லியிருந்தா அது பதில். இப்பப் போய்ச் சொன்னா அது நாளைய ஆட்டத்துல உங்க முதல் மூவ்.”

“அப்ப எப்பச் சொல்றது?”

“மூவ் எதுவும் மிச்சம் இல்லாதப்ப.”

அதுவரை அந்தப் பொய் யாரிடம் இருக்கும் என்று மாசிலாமணி கேட்கவில்லை. தன்னிடம்தான் என்று தெரிந்தது. அன்று வடையை அவர் தொடவில்லை. தில்லைநாயகம் தொட்டார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு எட்டாவது ஆட்டம். நான்குக்கு மூன்று என்று முன்னால் இருந்த மாசிலாமணிக்குச் சமன் போதும். ஜெபசீலன் ஜெயித்தாகவேண்டும். ஜெபசீலன் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“என்ன வே, கண்ணு செவந்து கெடக்கு? தூங்கலியா?”

“குளிர்.”

“நான் நல்லாத் தூங்கினேன். போனதுல ஒண்ணும் இல்லன்னு நீரு சொல்லிட்டீரு. அப்புறம் என்ன.”

மாசிலாமணி தன் காய்களை ஒவ்வொன்றாகக் கட்டத்தின் நடுவுக்குச் சரிசெய்தார். ஏற்கெனவே நடுவில் இருந்தவற்றையும் சரிசெய்தார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்தரை மணி நேரம் ஜெபசீலன் எல்லா வாசல்களையும் தட்டிப் பார்த்தார். மாசிலாமணி எல்லாவற்றையும் மூடினார். அழகாக மூடினார் என்று சொல்லமுடியாது. கடைசியில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நின்றன. சமன். நாலரைக்கு மூன்றரை.

உலகப் போட்டிக்குப் போகிறவர் மாசிலாமணி.

ஜெபசீலன் எழுந்து நின்று கை கொடுத்தார். மற்றக் கையால் தோளையும் தட்டினார். புகைப்படக்காரர்கள் கேட்டதற்காக இன்னொரு முறை கை கொடுத்தார். அவர்கள் போனதும் குரலைத் தணித்துச் சொன்னார்.

“போயிட்டு வாரும். நல்லா ஆடும். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்கயாவது கையில இருந்ததை விட்டிருந்தாத்தான் வருத்தம்.”

இதைவிட நல்ல வழியனுப்பு ஒருவருக்குக் கிடைக்காது. மாசிலாமணி நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நடுவர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓட்டல்காரர்கள் மேடையில் பூந்தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பரிசளிப்புக்கு அரைமணி நேரம் இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது. மூவ் எதுவும் மிச்சம் இல்லை.

அப்போதுதான் அவருக்கு அது புரிந்தது. நேற்று சொல்லியிருந்தால் ஜெபசீலன் இழந்தது ஒரு ஆட்டத்தின் அரைப்புள்ளி. இன்று சொன்னால் மூன்று ஆண்டு. நேற்று ஏழாவது ஆட்டம் சமன் ஆகியிருந்தால் இன்று கணக்கு நான்குக்கு நான்கு. இன்னும் ஒரு நாள் ஆடியிருப்பார்கள். யார் போயிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“உக்காரு ஜெபா,” என்றார்.

ஜெபசீலன் உட்கார்ந்தார். மாசிலாமணி காய்களை எடுத்து ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிலையை அடுக்கினார். கடைசியாக ஜெபசீலனின் யானையை வைத்தபோது விரல் பட்டுப் பக்கத்துச் சிப்பாய் உருண்டது. அதை எடுத்து நிறுத்தினார்.

“இதுலதான் ஒண்ணும் இல்லைன்னீரே.”

மாசிலாமணி பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஜெபசீலன் குனிந்து பார்த்தார். முதலில் சிப்பாயைப் பார்த்தார். பிறகு தன் ராஜாவை. பிறகு அவர் கண் அசையாமல் ஒரு இடத்தில் நின்றது. நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. யானையை எடுத்து ராஜாவின் பக்கத்தில் வைத்தார். கையை எடுத்தார். வெட்டுவது மாதிரி, வெட்டாமல் விடுவது மாதிரி, இரண்டையும் மனசுக்குள் ஆடிப் பார்த்தது கண்ணில் தெரிந்தது.

“எப்பப் பாத்தீரு?”

“நீ கை நீட்டினப்ப.”

“அப்ப, நான் கேட்டப்ப தெரியும்.”

“தெரியும்.”

மேடையில் யாரோ மைக்கைத் தட்டிச் சரிபார்த்தார்கள். ஜெபசீலன் நிமிரவில்லை.

“எனக்கு வலிக்கும்னு நெனச்சீராக்கும்.”

“ஆமா.”

“வலிச்சா என்ன வே,” என்றார் ஜெபசீலன். குரல் உயரவில்லை. “என் வலிதானே. அதை எதுக்கு நீரு எடுத்து வச்சுக்கிட்டீரு?”

மாசிலாமணி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அதில் நட்பு, மரியாதை, மறுநாள் ஆட்டம் என்ற சொற்கள் இருந்தன. ஜெபசீலன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. யானையைப் பழைய இடத்தில் வைத்தார். மறுபடி நகர்த்தினார். பிறகு எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளாமல், கை கொடுக்காமல் போனார்.

பரிசளிப்புக்கு வந்தார். இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டார். படத்துக்கு மாசிலாமணியின் பக்கத்தில் நின்றார். கேமராவைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. அடிவாரத்துக்குப் போகும் முதல் காரில் ஏறிப் போய்விட்டார்.

காலையில் மாசிலாமணி குருவின் அறைக்குப் போனபோது அவர் பெட்டியை மூடமுடியாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பூட்டு விழுந்ததும் எழுந்தார். நடந்ததை மாசிலாமணி ஒன்றுவிடாமல் சொன்னார். இந்த முறை நல்ல வார்த்தைகளைத் தேடவில்லை.

நேற்று இரவிலிருந்து ஜெபசீலனுக்கு மூன்று தடவை போன் செய்ததாகவும் அவர் எடுக்கவில்லை என்றும் சொன்னார். நீளமாக ஒரு கடிதம் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். சட்டைப்பையிலிருந்து எடுத்தும் காட்டினார். நான்கு பக்கம். குரு வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். ‘நான்’ என்று தொடங்கும் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தித் திருப்பிக் கொடுத்தார்.

“நேத்து நான் சொன்னது தப்பா மேடம்?”

“யாருண்ணா தப்புன்னாங்க?”

“அப்ப அதுக்கு முந்தின நாள் சொன்னதுதான் தப்பு.”

குரு பலகையை எடுத்துத் துணிப்பையில் போட்டார். கீழே தில்லைநாயகம் வண்டிக்காரரிடம், உலகப் போட்டிக்குப் போகிறவரின் மச்சான் தான்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

மாசிலாமணி ஜன்னல் ஓரமாக நின்றார். ஜெயித்த முகம் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

“பத்தொன்பது வருஷம் மேடம். இப்ப அங்க உக்காந்து என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருப்பானோ.”

“உங்களைப் பத்தியா?” என்றார் குரு. “அவர் இன்னும் அந்த யானையையே பார்த்துக்கிட்டு இருப்பாருண்ணா. உங்களை நினைக்க இன்னும் ரொம்ப நாளாகும்.”